படிக்கு அடியில் குனிந்து பார்க்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள்

தேவகோட்டைப் பக்கத்தில் இருக்கும் உங்கள் அப்பத்தா வீட்டு மரப்படியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மொத்தம் 18 படி. அதில் ஆறேழு படி மிதித்தால் கீச்சிடுகிறது, கைப்பிடி ஆடுகிறது, பழைய பாலிஷ் கறுத்துத் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. பாலிஷ்காரர் ஒருவர் வந்து பார்த்து, எல்லாவற்றையும் மெஷினில் தேய்த்து பி.யூ. (பாலியூரிதேன் பூச்சு) அடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருக்கிறார். தச்சர் ஒருவர், இதைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வதுதான் லாபம் என்கிறார். மாசியில் தங்கைக்குத் திருமணம். எந்த பாலிஷ் நல்லது என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க நினைத்தது, இந்த இரண்டு பேரில் யாரை நம்பி வீட்டுக்குள் விடுவது, வருகிறவருக்கு வேலை தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பாலிஷ் விஷயம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

எங்கள் வீட்டில் தச்சுத்தொழில். அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்று, இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் காரைக்குடி, தேவகோட்டை, மதுரைப் பக்கம் பழைய வீடுகளில் பழுது வேலை செய்து வருகிறேன். புது வேலையை விடப் பழுது வேலைதான் அதிகம். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன்: படி பழுது பார்ப்பதும் படிக்கு பாலிஷ் போடுவதும் இரண்டு தனித் தொழில்கள். இரண்டையும் நன்றாகச் செய்கிற ஒரே ஆள் மிக அரிது. உங்களிடம் வந்த இருவரும் தங்கள் கையில் இருக்கிற கருவிக்கு ஏற்ற வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பாலிஷ்காரருக்குப் பளபளப்பு, தச்சருக்குப் புது மரம். இரண்டு பேரில் ஒருவராவது படிக்கு அடியில் போய்க் குனிந்து பார்த்தாரா? நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. பார்க்காமலே விலை சொல்லியிருந்தால், அந்த விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மரப்படியின் உடம்பு மேலே தெரிவதில்லை. இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிற கனமான சட்டங்களில் காடி, அதாவது பள்ளம், எடுத்து, படிப்பலகைகளை அதில் செருகி, அடியிலிருந்து ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். சட்டத்தின் மேல்முனை மாடித் தளத்து உத்தரத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது சுவருக்குள் போயிருக்கும். கீழ்முனை தரையில் நிற்கும். கெடுவது பெரும்பாலும் இந்த முனைகள்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் படிப்பலகை அத்தனையும் வைரம் பாய்ந்த பர்மா தேக்கு, ஆணி அடித்தால் ஆணி வளையும். பாலிஷ் மட்டும் போதும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், சுவருக்குள் போகிற சட்டத்தின் முனையில் கரையான் மண் கோடு. குத்தூசியை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது. அந்தச் சட்டத்தை மட்டும் வேறு மரத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். மேலே தேக்கு, தாங்குகிறது ஏதோ ஒரு மரம். அந்தப் படியை அப்படியே பளபளவென்று ஆக்கிக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

ஆகவே யாரையும் கூப்பிடுவதற்கு முன் நீங்களே ஒரு அரை மணி நேரம் செலவழியுங்கள். பகலில் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சாக்பீஸ் போதும். அடியிலிருந்து ஒவ்வொரு படியையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. மண் பூசிய கோடு கரையான். மாவு மாதிரித் தூள் கொட்டிச் சிறு துளைகள் தெரிந்தால் அது வண்டு. தேக்கின் நடுமரத்தை இரண்டும் எளிதில் தொடாது. ஆனால் பலகையின் ஓரத்தில் வெளுப்பாக இருக்கிற வெளிமரத்துக்கு அந்தத் தற்காப்பு கிடையாது. பிறகு ஒருவரை மேலே மெதுவாக ஏறச் சொல்லி, நீங்கள் கீழிருந்து பாருங்கள். எந்தப் பலகை அசைகிறது, எந்த ஆப்பு நழுவியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். சாக்பீஸால் குறி போடுங்கள், போட்டோ எடுங்கள்.

சத்தத்தைப் பற்றி நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அதில் பயம் வேண்டாம். மரம் கோடையில் குறுக்குவாட்டில் சுருங்கும், மழையில் உப்பும். எண்பது தொண்ணூறு வருடம் அப்படி மூச்சு விட்டு விட்டு ஆப்பு தளர்ந்திருக்கும், பழைய வஜ்ஜிரப் பசை பொடியாகியிருக்கும். பலகை பலகையோடு உரசுகிறது, ஆணியில் ஏறி இறங்குகிறது, அதுதான் சத்தம். தளர்ந்த ஆப்பைக் கழற்றி, காடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ஆப்பைப் பசையோடு அடித்து, மூலையில் சின்னக் கட்டை ஒட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். எல்லாம் அடியிலிருந்து செய்கிற வேலை. மேலிருந்து நாலு ஆணியை அடித்துவிட்டு, இப்போது மிதித்துப் பாருங்கள் என்பவர் அன்றைக்குச் சத்தத்தை நிறுத்திக் காட்டுவார். அடுத்த கோடையில் திரும்ப வரும். தேக்கில் அடித்த இரும்பு ஆணியைச் சுற்றி ஈரம் பட்டால் கறுப்புக் கறையும் ஏறும். இதுவரை சொன்னது உறுதி. உங்கள் படியின் சட்டம் தாங்குமா என்பதை மட்டும் பார்க்காமல் நான் சொல்லமாட்டேன், வேறு யாரும் சொல்லவும் கூடாது. ஏறும்போது ஒரு பலகை அசைந்தால் தச்சர் போதும். படி முழுவதும் ஒன்றாக ஊஞ்சல் மாதிரி அசைந்தாலோ, சட்டத்தில் நீளவாக்கில் பிளவு இருந்தாலோ, மாடித் தளத்திலிருந்து விலகி இடைவெளி தெரிந்தாலோ, பழைய கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் காட்டிவிட்டுத்தான் மற்றது. திருமண வீட்டில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் ஏறுவார்கள்.

கைப்பிடிதான் எனக்கு அதிகக் கவலை. படி சத்தம் போட்டால் எரிச்சல், கைப்பிடி பெயர்ந்தால் இடுப்பெலும்பு. உங்கள் அப்பத்தா தினமும் மாடிக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடி ஆட்டத்தின் வேர் பெரும்பாலும் கீழே நிற்கிற முதல் தூணில் இருக்கும். அது தரையோடும் பக்கச் சட்டத்தோடும் சேருகிற இடத்தில் கழுந்து, அதாவது துளைக்குள் செருகியிருக்கிற மரமுனை, தேய்ந்திருக்கும். அதை இறுக்காமல் மேலே கைப்பிடியைத் தாங்குகிற கடைசல் கால்களில் ஒவ்வொன்றாகப் பசை ஊற்றிப் பயனில்லை. நல்ல தச்சர் முதலில் அந்தத் தூணைத்தான் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். இது நீங்கள் கவனிக்க வேண்டிய பரீட்சை, அவருக்குத் தெரியாமல். கழன்ற கழுந்தை முழுதாக வெளியே எடுத்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டுத்தான் புதுப் பசை வைக்க வேண்டும். வஜ்ஜிரத்தின் மேல் ஃபெவிகால் பிடிக்காது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுகிற இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் பசை நிற்கும். மூங்கில் ஆணியோ மர ஆணியோ போட்டுப் பூட்டுவது அதற்குமேல் பலம். உடைந்த கடைசல் கால்களுக்கு, நன்றாக இருக்கிற ஒன்றைக் கழற்றிக் கடைசல் பட்டறையில் மாதிரிக்குக் கொடுத்தால் அச்சாகக் கடைந்து தருவார்கள். கால்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். 4 அங்குல உருண்டை நுழையக்கூடாது என்பது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள விதி, குழந்தையின் தலையைக் கணக்கில் வைத்துச் சொன்னது. பழைய வீடுகளில் பல இடங்களில் இதைவிட அகலமாக இருக்கும். திருமணத்துக்குக் குழந்தைகள் வருவார்கள் என்றால் நடுவில் மெல்லிய சட்டம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு கழற்றிக்கொள்ளலாம்.

புதிதாகச் செய்யலாம் என்ற யோசனையைப் பற்றி. படிப்பலகை ஒன்றின் அளவு மூன்றரை அடி நீளம், 11 அங்குல அகலம், ஒன்றே கால் அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால், மூன்று பலகைக்கு ஒரு கன அடி மரம் ஆகிறது. 18 படிக்குப் பலகை மட்டுமே ஆறு கன அடி. அதற்கு மேல் சட்டம், தூண், கைப்பிடி, இழைப்பில் போகிற சேதாரம். இன்றைய தேக்கு விலையில் அது சிறிய தொகை இல்லை. சரி, பணம் இருக்கிறது என்றாலும் அதே மரம் கிடைக்குமா? மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருகிற தோட்டத்து மரம். அது கெட்ட மரம் என்று சொல்லவில்லை. சீக்கிரம் வளர்ந்த மரத்தில் வெளிமரம் அதிகம், அவ்வளவுதான். நம் பக்கத்து வீடுகளுக்கு ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது காட்டில் நிதானமாக வளர்ந்து வைரம் பாய்ந்த மரம். அதைக் கழற்றினால் எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நிற்கும். புதிதாகச் செய்யச் சொல்கிறவர் பழைய மரத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னால், அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று பலகை மாற்ற வேண்டியிருந்தால், இடித்த வீட்டுப் பழைய தேக்கையே வாங்கி இழைத்துப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே காய்ந்து அடங்கிய மரம், இனிச் சுருங்குவது குறைவு, நிறமும் சேரும்.

இனி பாலிஷ். முதலில் இப்போது மேலே இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்துக் கையோடு வந்தால் அது அரக்கு, பிரெஞ்சு பாலிஷ் என்பார்களே அது. ஸ்பிரிட்டுக்கு மசியாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பி.யூ., அல்லது நன்றாக இறுகிய பழைய வார்னிஷ். அந்தக் காலத்து வீடு, கறுத்துத் திட்டாக இருக்கிறது என்பதால் உங்களுடையது அரக்காக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன், சோதித்துப் பார்த்தால்தான் நிச்சயம். அரக்கு என்றால் நல்ல செய்தி. அதைத் தேய்த்து எடுக்கவே வேண்டாம். ஸ்பிரிட் தொட்டு நைசான இரும்புக் கம்பளியால் கரைத்துத் துடைத்தாலே அழுக்கோடு சேர்ந்து வந்துவிடும், மரத்தின் பழைய நிறம் அப்படியே நிற்கும். கைப்பிடிக்கும் கடைசல் கால்களுக்கும் மறுபடி அரக்கே போடலாம். மிதிக்கிற பலகைக்கு அரக்கு போதாது, தண்ணீர் பட்டால் வெளுக்கும், சூடு தாங்காது. அங்கே இரண்டு பாகத்தைக் கலந்து பூசுகிற பி.யூ. போடுவதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அரக்கு மிச்சம் இல்லாமல் எடுத்துவிட்டு, முதலில் ஒரு பலகையில் போட்டுப் பார்த்து, அது பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றவை. கண்ணாடிப் பளபளப்பு மட்டும் படிக்கு வேண்டவே வேண்டாம். குளித்துவிட்டு ஈரக் காலோடு இறங்குகிற வீட்டில் அது ஆபத்து. பளபளப்பு குறைந்த மேட் அல்லது சாட்டின் என்று கேளுங்கள். கைப்பிடி வேண்டுமானால் மின்னட்டும்.

மெஷினில் தேய்க்கிறேன் என்பதில்தான் நீங்கள் நிறுத்த வேண்டும். பெல்ட் சாண்டர் என்கிற, உப்புத்தாள் பட்டை ஓடுகிற தேய்ப்பு மெஷின் ஒரு நிமிடத்தில் கைப்பிடியின் வளைவைத் தட்டையாக்கிவிடும். கடைசல் கால்களின் கழுத்து, மணி எல்லாம் மழுங்கிவிடும், எல்லாம் மழுங்கிவிட்டால் பட்டறைக்கு மாதிரி கொடுக்கக்கூட ஒன்று மிஞ்சாது. படிப்பலகையின் தட்டையான பரப்பில் ஆர்பிட்டல் சாண்டர், அதாவது சுழன்று தேய்க்கிற சிறு மெஷின், ஓட்டலாம். உப்புத்தாளில் சொரசொரப்பான 80-ஆம் எண்ணில் ஆரம்பித்து 120, 180 என்று படிப்படியாக வர வேண்டும், நேராக 180-க்குத் தாவினால் 80-ன் கீறல் பாலிஷுக்கு அடியில் தெரியும். வளைவுகளுக்குக் கையும் உப்புத்தாளும்தான். இன்னொன்று, காஸ்டிக் சோடா. இரவு கரைத்து ஊற்றி, காலையில் கழுவினால் எல்லாம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போய்விடும், உண்மை. கூடவே தேக்கு கறுத்துவிடும், மூட்டுகளின் பசை கரையும், மரத்துக்குள் நிற்கிற காரம் புதுப் பூச்சையும் பிறகு உரிக்கும். அதை யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். எங்காவது பெயின்ட் அடித்த பகுதி இருந்தால் தனி எச்சரிக்கை: பழைய எண்ணெய் பெயின்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பூச்சை உலர்வாகத் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பரவும், சிறு குழந்தைகளுக்கு அது விஷம். ஈரத்தாளால் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அந்த நாட்களில் வேறு வீட்டில் வைக்க வேண்டும். வெறும் தேக்குத் தூளும் நெஞ்சுக்கு நல்லதில்லை. மாஸ்க் போடாமல் வேலை செய்கிறவருக்கு நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள். என் அப்பா காலத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கூலி பேசுவதில் என் யோசனை பலருக்கு விசித்திரமாக இருக்கும். தச்சு வேலையை நாள்கூலிக்கும், பாலிஷ் வேலையை அளவுக் கணக்குக்கும் கொடுங்கள். ஆப்பைக் கழற்றினால் அடியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மொத்தத் தொகை பேசிய தச்சருக்கு, கண்ட பழுதை மூடி மறைக்கிற கட்டாயம் வந்துவிடுகிறது. நாள்கூலியில் அந்தக் கட்டாயம் இல்லை. பதிலுக்கு நீங்களோ நம்பகமான ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் உங்கள் படிக்கு ஐந்தாறு நாள் ஆகலாம், சட்டத்தில் பெரிய பழுது இல்லாவிட்டால். பாலிஷ் கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதை அளக்கலாம். பலகைக்குச் சதுர அடி, கைப்பிடிக்கும் கால்களுக்கும் சேர்த்து ரன்னிங் அடி, அதாவது நீளக் கணக்கு. சாமான்களை நீங்களே வாங்குங்கள், டப்பாவின் மூடி உங்கள் முன்னால் திறக்கட்டும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பலகை மாறுகிறது, எந்த மரம், எந்தப் பூச்சு, எத்தனை கோட், கோட்டுக்கு நடுவில் தேய்ப்பது யார், ஆத்தங்குடி டைல்ஸ் தரையை மூடிப் பாதுகாப்பது யார். தரையில் தின்னர் சிந்தினால் பூ வேலையின் மேல் கறை நிற்கும். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பத்தில் ஒரு பங்கை ஒரு மாதம் கழித்துத் தருகிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். தன் வேலையில் நம்பிக்கை இருக்கிறவர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

அவரைச் சோதிக்க நான் சொல்கிற வழி ஒரே ஒரு படி. கீழேயிருந்து இரண்டாவது படியைக் காட்டி, இதை மட்டும் முழுசாக முடித்துக் காட்டுங்கள், கூலி தருகிறேன் என்று சொல்லுங்கள். நாலைந்து நாள் எல்லோரும் மிதிக்கட்டும். அதில் திருப்தி என்றால் மீதி. அவர் முன்பு செய்த வீட்டைப் பார்க்கப் போனால், நேற்று முடித்த வேலையைக் காட்டச் சொல்லாதீர்கள். மூன்று நாலு வருடம் ஆன படியைக் காட்டச் சொல்லுங்கள். நேற்றைய பாலிஷ் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

வேலை நடக்கும் நாட்களில் இரண்டு விஷயம் மறக்காதீர்கள். தின்னரும் ஸ்பிரிட்டும் ஆவியாகிற நேரத்தில் வீட்டில் நெருப்பு கூடாது. வளவில் (உள்முற்றத்தில்) எரிகிற காமாட்சி விளக்கையும் அணைத்துவிட வேண்டும், அப்பத்தாவிடம் முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஆளி எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் முக்கி வைக்கச் சொல்லுங்கள். பி.யூ. கலந்து ஸ்பிரே பண்ணினால் அதற்குரிய மூச்சுக் கவசம் வேண்டும், துணி மாஸ்க் போதாது. பிரஷ்ஷில் பூசச் சொன்னால் காற்றில் பறக்கிற துளி குறையும், ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். மாடிக்குப் போகாமல் இருக்க முடியாது என்றால் ஒன்று விட்டு ஒன்றாகப் படிகளைப் பூசச் சொல்லுங்கள். தாண்டி ஏறுவது உங்களுக்குச் சரி, அப்பத்தாவின் படுக்கையை அந்த வாரம் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

நாள் கணக்கு. இப்போது புரட்டாசி. தச்சு வேலையை உடனே ஆரம்பித்துவிடலாம். மழைக்காலத்தில் மரம் உப்பியிருக்கும் என்பதால், இப்போது மயிரிழை கூட இல்லாமல் சேர்த்த இடத்தில் சித்திரையில் மெல்லிய கோடு தெரியலாம், அது பழுது இல்லை. பாலிஷை மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில், வீட்டுக்காரரின் அவசரத்துக்கு இணங்கி அடைமழையில் ஒரு படிக்கு லாக்கர் அடித்துவிட்டேன். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி, பால் ஊற்றியது போல மொத்தமும் வெளுத்துவிட்டது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். பொங்கல் முடிந்து தை பத்துத் தேதிக்குள் பாலிஷ்காரர் உள்ளே வந்தால், பத்து நாளில் முடித்துவிடலாம். அதன் பிறகு ஒரு வாரம் படியில் கனமான சாமான் எதையும் இழுக்காமல், ஈரத்துணி போட்டுத் துடைக்காமல் விட்டால் பி.யூ. முழுதாக இறுகிவிடும். மாசிக்கு நேரம் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்க்கும்போது சட்டத்தின் மேல்முனை, கீழ்முனை, முதல் தூணின் அடி, இந்த மூன்றையும் போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள். தச்சரைக் கூப்பிடுவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.